துலக்காத காசு

திருக்கோவில்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பின படம் பார்த்தேன். அம்மம்மாவின் தகரப்பெட்டியில் கிடந்த ஐம்பது சதத்தைப் புளியும் சாம்பலும் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறாய். குத்துவிளக்கை அப்படித் துலக்கலாம். காசைத் துலக்கினால் போனது போனதுதான்.

வெள்ளியில் ஏறியிருக்கும் கறுப்பு ஊத்தை இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகிற மெல்லிய படலம். நீ தேய்த்த தேய்ப்பில் அதோடு காசின் மேல்தோலும் போயிருக்கும். லென்சை வைத்து அரசரின் தலையைச் சுற்றியுள்ள வெறும் இடத்தைப் பார். மயிர் மயிராகக் கீறல் ஓடும். கைமாறித் தேய்ந்த காசு அப்படி இராது: மேடுகள் மழுங்கியிருக்கும், பள்ளங்களில் கறுப்புத் தங்கியிருக்கும். வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதிலும் உன்னுடையது 1917. விக்டோரியா காலத்தில், 1892 இல் தொடங்கின இலங்கையின் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. முதலாம் உலக யுத்தத்தோடு வெள்ளி விலை ஏறினது. 1919 காசிலிருந்து 55 பங்குதான். ஐம்பது சதத்தின் நிறை இரண்டிலும் 5.83 கிராம் என்பதால் நகைக்கடைத் தராசு காட்டித்தராது, ஆண்டைத்தான் பார்க்க வேணும். 1943 இல் பித்தளைக்குப் போய்விட்டார்கள்.

தரம் பார்க்க மேடான இடங்களில் தொடங்கு. ஐந்தாம் ஜோர்ஜின் கிரீடப் பட்டியிலுள்ள மணிகளை எண்ண முடிகிறதா? புருவம், மீசை, காது பிரிந்து தெரிகிறதா? பிறகு புரட்டி, சிங்கள எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் நடுவில் நிற்கிற மரத்தின் ஓலைகளைப் பார். வியாபாரிகள் ‘ஃபைன்’ என்றால் நல்லது என்று நம்பிவிடாதே. நன்றாய்த் தேய்ந்தது என்று அர்த்தம். அதற்கு மேலே வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன். புழக்கத்துக்கே வராத காசை வெளிச்சத்தில் சரித்தால் ஒளி விசிறி போலச் சுற்றி வரும். துலக்கின காசும் மினுங்கும், ஆனால் அந்தச் சுற்று இராது.

இலங்கையில் இந்திய வெள்ளி ரூபாயும் புழங்கினது. 1911 ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை, கட்டைத் தும்பிக்கையோடு பன்றி மாதிரித் தெரிந்ததாம். முஸ்லிம்கள் கொதித்தெழ, 1912 இல் யானையைத் திருத்தினார்கள். யாராவது அந்த ரூபாயைக் காட்டினால் விலை கேட்க முதல் யானையைத் தேடு. பன்றியா யானையா என்று வாக்குவாதப்பட முடிந்தால், காசு நல்ல நிலையில் இருக்கிறது.

நமது கடற்காற்றில் உப்பு. லாச்சிக்குள் சும்மா போடாதே. மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாகப் பச்சையாய்ப் பிசுபிசுக்கும். தனித்தனிக் கடதாசி உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றும் வை. பிடிக்கும்போது விளிம்பில் பிடி.

பெட்டியின் அடியில் இருபத்தைந்து சதம் ஒன்று கிடக்கும், கொழுக்கி ஒட்டின தழும்போடு. சேகரிக்கிறவன் அதைக் கையாலும் தொடமாட்டான். அம்மம்மா சின்ன வயதில் கழுத்தில் போட்டது. அதை மட்டும் கழுவாமல் எனக்கு எடுத்து வை.

இப்படிக்கு,
மாமா