மணலில் ஒரு பிளட்டூன்

கேள்வி: மணலில் மேடு பள்ளம் அமைத்து, பொம்மை வீரர்களை வைத்து நண்பர்களோடு போர் விளையாட்டு ஆடுகிறேன். வீரர்களை எப்படிப் பிரித்து நிறுத்துவது? மொத்தமாக அனுப்பினால் மொத்தமாகப் போய்விடுகிறார்கள்!
– கல்லூரி மாணவர், மானாம்பதி

பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நம் காலாட்படையில் 10 பேர் ஒரு செக்‌ஷன். 3 செக்‌ஷன் ஒரு பிளட்டூன், 3 பிளட்டூன் ஒரு கம்பெனி. என்.சி.சி. நண்பர் யாரையாவது கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்.

சூட்சுமம் செக்‌ஷனுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரையும் இரண்டாக உடைக்க வேண்டும். இலகு இயந்திரத் துப்பாக்கியோடு 3 பேர்: சுடுபவர், அவருடைய உதவியாளர், செக்‌ஷனின் துணைத் தலைவர். மீதி 7 பேர் தலைவரோடு சேர்ந்த ரைபிள் குழு. ஒரு குழு நகரும்போது மற்றது சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதிரி தலை தூக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் நீங்கள் எழுதியிருப்பதுதான் நடக்கும்.

உங்கள் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லையே! மணலில் ஓர் ஏரிக்கரை எழுப்புங்கள். எதிரி மதகடியில் இருக்கட்டும். இயந்திரத் துப்பாக்கியைக் கரை வளைகிற இடத்தில் படுக்க வையுங்கள். ரைபிள் குழு வெளிச்சரிவில் மறைந்து பக்கவாட்டில் வரட்டும். நம் குண்டுக்கு நாமே குறுக்கே போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

பிளட்டூனுக்கும் இதே கணக்கு. ஒரு செக்‌ஷன் சுடும், ஒன்று பாயும், மூன்றாவது கையிருப்பு. அவசரக்காரர்கள் தோற்பது இந்த மூன்றாவதை முதலிலேயே செலவழித்துத்தான். எதிரி எங்கே தளர்கிறான் என்று தெரிகிறவரை அதைத் தொடாதீர்கள்.