செய்தியும் அச்சமும்

புதுக்கோட்டை நகரிலே, வைகறைப் பொழுதில், பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளில் நாளிதழ்க் கட்டுகள் வந்து இறங்குங் காட்சியை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். ஒருவர் முதற்பக்கத்தை விரித்து உரக்கப் படிப்பார். நால்வர் கையிற் குவளையுடன் கேட்டிருப்பர். கேட்ட செய்தி கீரனூருக்கும் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் முதற் பேருந்திலேயே பயணஞ் செய்யும். இக்காலத்திலோ, நாளிதழ் வருமுன்னரே கைப்பேசி வழியாகச் செய்தி வந்துவிடுகின்றது. கடல் பல கடந்த ஒரு நாட்டில், ஒரு பள்ளிக்கூடத்திற் புகுந்த கொடியவன் ஒருவன் குழந்தைகளைச் சுட்டான் என்னுஞ் செய்தி, அக்குழந்தைகளை அடக்கஞ் செய்யுமுன் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருகின்றது. கேட்ட தாயொருத்தி தன் பிள்ளையின் கையைச் சற்று இறுகப் பற்றிக்கொள்கின்றாள்.

செய்தி கண்ணாடி போன்றது என்பர். கண்ணாடி எதிரே நின்றதைக் காட்டுமேயன்றித் தானாக ஒன்றை உண்டாக்காது. செய்தியும் அத்தன்மைத்துத்தானோ? பலரை ஒருங்கே சுட்டுக் கொல்லுங் கொடுஞ்செயல்களைப் பற்றிய செய்தி மக்கள் உள்ளத்து அச்சத்தை அளவிற்கு மேற் பெருக்குமோ என்பதும், அத்தகைய செயல் மீண்டும் நிகழத் தூண்டுமோ என்பதும், ஆமெனில் எழுதுவோரும் படிப்போரும் செய்யத்தக்கது யாது என்பதும் ஈண்டு நாம் முறையே ஆராயப் புகும் மூன்று வினாக்களாம்.

1. அச்சத்தின் அளவு

அச்சம் தீங்கின் அளவைப் பின்பற்றி வளர்வதன்று. இதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, அரை மணிக்குட்பட்ட பொழுதில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிச் சென்றது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழந்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு ஓடினர். கப்பல் மீண்டும் வரவேயில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே கோகோஸ் தீவருகே அது அழிவுற்றது. அதன் பெயர் மட்டும் அழியவில்லை. எதற்கும் அஞ்சாத சூழ்ச்சிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் நம் பாட்டிமார் கூறக் கேட்கின்றோம். குண்டு வீழ்ந்தது அரை மணி. அச்சம் வாழ்ந்தது நூறாண்டு.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது நம் முன்னோர் மொழி. மனிதன் ஓர் ஆபத்தை மதிப்பிடும்போது கணக்கைப் பார்ப்பதில்லை. அதனை எத்தனை முறை கேட்டான், எத்துணைத் தெளிவாக மனக்கண்ணிற் கண்டான் என்பனவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றான். 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர்; நாளொன்றுக்குச் சராசரி 460 பேருக்கு மேல். இவர்களுள் பெரும்பாலோர்க்கு நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரியே கிடைத்திருக்கும். ஆதலின் நாம் அஞ்சாமற் சாலையைக் கடக்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும், துப்பாக்கியால் மாள்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர். பலரை ஒருங்கே கொல்லும் நிகழ்ச்சிகளில் மாள்வோர் அத்தொகையில் மிகச் சிறு பங்கினரே. உலகம் அறிந்ததோ அச்சிறு பங்கினையே.

இதனால், அச்சந் தருஞ் செய்தி யாவும் தீது என்று நாம் கூற வரவில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், நம் மாவட்டத்து நார்த்தாமலைக்கு அருகே, துப்பாக்கிப் பயிற்சித் தளத்தின் பக்கத்து ஊரில், வீட்டில் இருந்த சிறுவன் ஒருவன் தலையிற் குண்டு பாய்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தான். அச்செய்தி நாடெங்கும் பரவியது, பயிற்சித் தளம் தற்காலிகமாக மூடப்பட்டது, விசாரணை நடைபெற்றது. குடியிருப்புக்கு அருகே அத்தகைய தளம் இருக்கலாமா என்னும் வினா யாவர் காதிலும் விழுந்தது. அங்கே அச்சம் மெய்யான ஆபத்தைச் சார்ந்து நின்றது. செய்தி அதற்குப் பரிகாரந் தேடிற்று. எந்தச் செய்தியால் நாம் ஒரு தீங்கைத் தடுக்க வல்லோமாகின்றோமோ அது பயனுடைய அச்சம். எந்தச் செய்தியைக் கேட்டு நடுங்குவதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலாதோ அது வீண் அச்சம். இவ்வேற்றுமை மனங்கொள்ளத்தக்கது.

2. பின்பற்றுதல்

இனி, செய்தி செயலைத் தூண்டுமோ என்பதைப் பார்ப்போம். தற்கொலையைப் பற்றிய ஆராய்ச்சியே இதில் முதலில் வழிகாட்டிற்று. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில், சுரங்க இரயில் பாதையில் தற்கொலைகள் பெருகிய காலத்து, நாளிதழ்கள் அவற்றை மிக விரிவாக எழுதிவந்தன. 1987-ஆம் ஆண்டின் நடுவில், அறிஞர் சிலர் செய்தியாளர்க்கு நெறிமுறை வகுத்தளிக்க, பத்திரிகைகள் அதனை ஏற்று எழுத்தைச் சுருக்கின. அடுத்த அரையாண்டில் அவ்வகை இறப்புகள் நான்கில் மூன்று பங்குக்கு மேற் குறைந்தன. இரயில் மாறவில்லை, நகரம் மாறவில்லை, எழுதும் முறையே மாறிற்று. நம் இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019-ஆம் ஆண்டில் தற்கொலைச் செய்திகளுக்கு இத்தகைய நெறிகளை ஏற்றுக்கொண்டது.

கூட்டக் கொலையிலும் இதனை ஒத்த ஒன்று காணப்படுகின்றது. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அப்பள்ளி மாணவர் இருவரே 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று தாமும் மாண்டனர். தொலைக்காட்சிகள் பல நாட்கள் வேறொன்றும் பேசவில்லை. கொலையாளர் படங்கள் வாரப் பத்திரிகைகளின் மேலட்டையில் ஏறின. அவர்கள் நீண்ட கருங்கோட்டு அணியும் ஒரு கூட்டத்தினர் என்றும், பிறரால் இழிவுற்றுப் பழிவாங்கினர் என்றும் முதல் நாட்களில் எழுதப்பட்டன. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் இவற்றுட் பல பிழையெனக் கண்டனர். ஆயின் பிழை பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. எங்கோ தனித்துக் குமைந்திருந்த இளைஞர் சிலர் அக்கதையைத் தம் கதையாகக் கொண்டனர்.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் அவர்களுள் ஒருவன். தான் வெளியிட்ட பேச்சில் கொலம்பைன் கொலையாளரைத் தியாகிகள் என்றே அவன் போற்றியிருந்தான். அவன் அன்று செய்த மற்றொரு செயல் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. முதலில் இருவரைக் கொன்றபின், மீண்டும் கொல்லப் புறப்படுமுன், தன் படங்களையும் பேச்சுப் பதிவுகளையும் கட்டாகக் கட்டி, ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனத்திற்கு அஞ்சலில் அனுப்பிவைத்தான்! கொலை அவனுக்கு விளம்பரத்தின் விலையாயிற்று. அந்நிறுவனம் அவற்றை ஒளிபரப்பவும், இறந்தோர் குடும்பத்தார் சிலர் மனம் நொந்து, அதற்குப் பேட்டி தர மறுத்தனர். அதன்பின்னரே நிறுவனங்கள் அப்படங்களைக் குறைத்துக்கொண்டன.

2015-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் இத்தகைய நிகழ்ச்சிகளின் நாட்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தனர். துப்பாக்கியாற் பலரைக் கொன்ற ஒரு நிகழ்ச்சிக்குப் பின் ஏறத்தாழ 13 நாட்கள் வரை மற்றொன்று நிகழும் வாய்ப்பு மிகுதியாயிருக்கக் கண்டனர். நாடெங்குஞ் செய்தியாகாத சிறு நிகழ்ச்சிகளிலோ அம்மிகுதியைக் கண்டிலர். இதனாற் செய்தியே காரணமென்று முற்றுந் துணிதல் ஆகாது. வேறு ஆராய்ச்சியாளர் சிலர் இம்முடிவை மறுத்துமிருக்கின்றனர். மனநோவு, பகை, கையெட்டுந் தூரத்திற் கிடைக்குந் துப்பாக்கி ஆகியவையே விறகு. ஆயினும் உலர்ந்த விறகின்மேல் வீழும் பொறியாகச் செய்தி அமையக்கூடும் என்பதை மறுத்தற்கில்லை.

3. பம்பாயிற் கற்ற பாடம்

செய்தி பிற்காலத்துக்கு மட்டுமன்றி, அந்நேரத்துக்கே தீங்கு செய்யக்கூடும் என்பதை நம் நாடு 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தொடங்கி அறிந்தது. மும்பை நகரிற் பதின்மர் இரயில் நிலையத்திலும், விடுதிகளிலும், உணவுக் கடையிலும், யூதர் இல்லத்திலும் புகுந்து 166 பேரைக் கொன்றனர். போராட்டம் ஏறத்தாழ அறுபது மணி நேரம் நீடித்தது. அப்போது தொலைக்காட்சிகள், காவற்படையினர் எங்கே நிற்கின்றனர், எவ்வழியாக இறங்குகின்றனர் என்பனவற்றை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தன. கடலுக்கு அப்பால் இருந்து ஏவியோர் அவற்றைக் கண்டு, கொலையாளர்க்குத் தொலைபேசியிற் கட்டளையிட்டனர். 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இவ்வொளிபரப்பைக் கடிந்துரைத்தது. 2015-ஆம் ஆண்டில், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்பலாகாது என்னும் விதி கேபிள் தொலைக்காட்சி விதிகளிற் சேர்க்கப்பட்டது. ‘முதலில் காட்டினோம்’ என்னும் பெருமைக்காகப் பிறர் உயிரை ஈடு வைத்தல் தகுமோ?

4. செய்யத்தக்கது யாது?

சிலர், இவற்றை எழுதாதொழிவதே நன்று என்பர். அஃது ஆகாத காரியம். ‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்றபடி, செய்தி வாய்மூடினால் வதந்தி வாய் திறக்கும். நாட்டில் நிகழ்ந்ததை அறியும் உரிமை குடிமக்களுக்கு உண்டு; பிழை செய்த அதிகாரியை வினவும் உரிமையும் உண்டு. ஆகவே மௌனமும் மருந்தன்று, ஆரவாரமும் மருந்தன்று, அளவே மருந்து.

அளவு எத்தகையது என்பதை நியூசிலாந்து காட்டிற்று. 2019-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் கிறைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகள் இரண்டில், தொழுகைக்கு வந்தோர்மேல் ஒருவன் நிகழ்த்திய தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தனர். தன் செயலை அவன் பேஸ்புக் வழியாக உலகிற்கு நேரே காட்டினான். முதல் ஒரு நாளைக்குள் அப்படத்தின் 15 இலட்சம் பிரதிகளைத் தடுத்தும் நீக்கியும் வந்ததாக அந்நிறுவனம் கூறிற்று. அத்தனை பிரதிகளையும் கொலையாளனா அனுப்பினான்? அல்லன்; காண்போரே அனுப்பினர். பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அம்மையார் பாராளுமன்றத்தில் அவன் பெயரைத் தாம் ஒருபோதும் உரைப்பதில்லை என்று கூறி, உயிரிழந்தோர் பெயர்களைச் சொல்லுமாறு வேண்டினார். அந்நாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஐந்து, வழக்கு விசாரணையை மறையாது எழுதுவதென்றும், கொலையாளன் கொள்கைக்கு மேடையாவதில்லையென்றும் உடன்பட்டன. அறியவேண்டியதை மக்கள் அறிந்தனர். அவன் வேண்டிய புகழை அவன் பெறவில்லை.

5. நம் கையிலுள்ள பத்திரிகை

இவை யாவும் பத்திரிகாசிரியர்க்கு உரிய உபதேசமென்று நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது. இன்று கைப்பேசி உடையோர் யாவரும் பத்திரிகாசிரியரே. 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வதந்தி வாட்ஸப் வழியாகத் தமிழ்நாடெங்கும் உலாவிற்று. அக்காலத்து இந்தியாவிற் பரவிய படங்களுள் ஒன்று, கராச்சி நகரிற் குழந்தைகளின் பாதுகாப்பைக் கற்பிக்க எடுத்த படத்தின் துண்டு. படத்தின் இறுதியில் இருந்த அறிவுரையை எவரோ வெட்டிவிட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த முதியவள் ஒருத்தி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். அக்குற்றத்திற்கு ஊரார் அவளை அடித்தே கொன்றனர். அவ்வூரார் பிறவிக் கொடியரல்லர். தம் மக்களைக் காக்க நினைந்த பெற்றோர். அச்சம் அவர்களைக் கொலையாளராக்கிற்று. துப்பாக்கி அங்கே இல்லை, செய்தியே துப்பாக்கியாயிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறைக்கு ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி வரம்பு கட்டியது. அவ்வரம்பினும் வலியது மனத்தின் வரம்பு.

ஆதலின், மாணவ நண்பர்காள், நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைக் கூறி முடிப்பாம். கொலையாளன் எடுத்த படத்தையும் எழுதிய உரையையும் பாராதிருப்போம், பிறர்க்கு அனுப்பாதிருப்போம். அச்சந் தருஞ் செய்தி வந்தவுடன், இஃது எப்போது, எங்கே நிகழ்ந்தது, சொன்னவர் யார் என்று வினவுவோம். விடை கிடையாத செய்தியை நம் கையிலேயே நிறுத்துவோம். முதல் நாட் செய்தி முழுச் செய்தியன்று என்பதை மறவோம். அயலூரான் ஒருவனைக் கண்டு மனம் துணுக்குறும்போது, அத்துணுக்கத்தை நம் உள்ளத்தில் இட்டவர் யாரென ஒருகணம் எண்ணுவோம். யாரிடத்தேனும் கொல்லும் எண்ணமோ மாளும் எண்ணமோ காணப்படின், ஊருக்கு உரைத்துத் திரியாமல், ஆசிரியர்க்கோ பெற்றோர்க்கோ காவலர்க்கோ உடனே தெரிவிப்போம்.

தேநீர்க் கடையில் உரக்கப் படிப்பவரை நான்கு பேர் கேட்கின்றனர். நம் கைப்பேசியை நானூறு பேர் கேட்கின்றனர். போளூர்ப் பக்கத்து மூதாட்டியை அடித்த கைகள் சிலவே. அக்கைகளை ஓங்கச் செய்த செய்தியை அனுப்பிய விரல்களோ எண்ணற்றவை. அவ்விரல்களுள் நம் விரல் ஒன்றாகாதிருக்க.