காட்டுக்குள் ஒரு மாயா வீடு: தெற்கு பெலிஸ் கிராமத் தங்கல் – ஒரு பார்வை

'அடர்ந்த காட்டில் மாயா பாணி வாழ்க்கை' என்று விளம்பரப்படுத்தப்படும் தங்குமிடங்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ் ஆகிய நாடுகளில் பல உள்ளன. ஓலைக் கூரை, கயிற்று வலைப் படுக்கை, மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்புச் சமையல் ஆகியவை இவற்றின் பொதுவான அடையாளங்கள். இவற்றுள் எது மாயா மக்களின் வாழ்க்கை, எது அதன் ஒப்பனை? பெலிஸின் தென்கோடி மாவட்டமான தொலேடோவில் தங்கியிருந்தபோது எனக்கு எழுந்த இக்கேள்வியே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். பெலிஸ் 1981 இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற சிறிய நாடு. தொலேடோவில் மோப்பான், கெக்சி என்னும் இரு மாயா இனத்தார் வாழ்கின்றனர். கெக்சி மக்களில் பலருடைய முன்னோர், குவாத்தமாலாவின் காப்பித் தோட்டங்களில் நிலவிய கட்டாய உழைப்புக்குத் தப்பி 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்தவர்கள். தோட்டத்தை நோக்கிக் கப்பலேறியவர்களின் வழியில் வந்த எனக்கு, தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்களின் கதை சற்று நேரம் சிந்திக்க வைத்தது.

முதல் இரண்டு இரவுகளை நான் ஒரு தனியார் விடுதியில் கழித்தேன். குடில் அழகானது, தரைக்கு மெருகேற்றிய பலகை, குளியலறையில் வெந்நீர். ஆனால் இரவு முழுவதும் கூரையிலிருந்து பூச்சி அரித்த தூள் கொசுவலையின்மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. நம் பழைய அத்தாப்பு வீடுகளைப் பற்றிப் பாட்டி சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஓலை என்றால் அப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணம் தவறு என்பது மூன்றாம் நாள் ஒரு கெக்சி கிராமத்தில் தெரிந்தது. அங்குள்ள வீட்டில் ஆணி மிகக் குறைவு. மரக்கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் காட்டுக்கொடியால் கட்டி, கோஹூன் என்னும் பனை இனத்தின் ஓலையை வேய்கிறார்கள். ஓலையையும் மரத்தையும் முழுநிலவை ஒட்டி வெட்டினால்தான் நெடுநாள் தாங்கும் என்பது அவர்கள் வழக்கு. வீட்டுக்குள்ளேயே அடுப்பு எரிகிறது; புகைபோக்கி கிடையாது. புகை மெல்ல மேலேறி ஓலையின் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அந்தப் புகைதான் பூச்சியை அண்டவிடாமல் கூரையைக் காக்கிறது. உட்புறம் கரிபடிந்து பளபளக்கும் ஓலைகளைக் காட்டி வீட்டுக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார். விடுதிக்காரர் கூரையை எடுத்துக்கொண்டு அடுப்பை விட்டுவிட்டார். (புகையால் என் கண்கள் இரண்டு நாள் சிவந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் நாள்தோறும் சுவாசிக்கும் புகையும் அதுவே.)

கூரை வேய்வதும் ஒரு குடும்பத்தின் வேலையன்று. அக்கம்பக்கத்து ஆண்கள் கூடி வேய்கிறார்கள், கூலி இல்லை. வீட்டுக்காரர் உணவளிக்கிறார், பின்னொரு நாள் அவர்கள் வீட்டுக்கு இவர் போகிறார்.

உணவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிடுகிறார்கள். ஆற்று நத்தை ஓடுகளைச் சுட்டும் இச்சுண்ணாம்பைப் பெறுவதுண்டு. காலையில் தோல் கழன்ற சோளத்தைக் கழுவி அரைத்து, கையால் தட்டி, சூடான தகட்டில் சுடுகிறார்கள். அரைப்பதற்கு நம் அம்மியைப் போன்ற கல் உண்டு. நான் கண்ட வீட்டில் கையால் சுழற்றும் இரும்பு இயந்திரமும் இருந்தது. சுண்ணாம்பு வெறும் பக்குவத்திற்காக அன்று. சோளத்தில் உடலுக்கு எட்டாமல் பிணைந்திருக்கும் நியாசின் சத்தை அது விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றார்கள், இம்முறையைக் கொண்டுசெல்லவில்லை. சோளத்தையே பெரிதும் உண்ட ஏழைகளிடையே பெல்லக்ரா என்னும் கொடிய நோய் பரவியது. ஸ்பெயினில் 1735 இல் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதனை முதலில் விவரித்தார். கூரைக்கு நேர்ந்ததே சோளத்துக்கும் நேர்ந்திருக்கிறது.

அந்தச் சோள ரொட்டிக்கு அவர்கள் மொழியில் பெயர், ஏறத்தாழ நம் 'வா' போலவே ஒலிக்கிறது. உணவு என்பதற்கும் அதே சொல்தான். வீட்டு அம்மா ரொட்டியை நீட்டி 'வா' என்றபோது நான் எழுந்து அருகில் சென்றுவிட்டேன்! 'நலமா' என்று கேட்க அவர்கள் சொல்லும் தொடருக்கு 'உன் நெஞ்சம் நிறைவாக உள்ளதா' என்பது பொருள்.

தொலேடோவின் சில கிராமங்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு சுழல்முறையைக் கையாண்டன. விருந்தினர் ஊருக்குப் பொதுவான இல்லத்தில் உறங்குவர். ஒவ்வொரு வேளையும் வெவ்வேறு குடும்பத்தில் உண்பர். பணம் ஒரே வீட்டில் தேங்காது, பொறாமையும் குறையும். நான் தங்கிய ஊரிலும் இதே வழக்கம்தான். வசதியைப் பார்த்தால் விடுதியே மேல். எனினும் இம்முறையே நேர்மையானது என்பது என் துணிபு.

இரண்டாம் நாள் மாலை ஒரு பெரியவர் என் நாட்டைக் கேட்டார். 'மலேசியா' என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மரம் வெட்ட வந்தவர்கள்" என்றார்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு படித்தறிந்தேன். 1990களில் பெலிஸ் அரசு மாயா மக்கள் வாழ்ந்து பயிரிட்டு வந்த நிலங்களில் மரம் வெட்டும் உரிமங்களை வழங்கியது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 480,000 ஏக்கர் என்று அம்மக்கள் முறையிட்டனர். மிகப் பெரிய உரிமங்களைப் பெற்ற நிறுவனங்கள் மலேசியத் தொடர்புடையவை எனப் பதிவாகியுள்ளது. ஓலையும் கொடியும் மரக்காலும் தரும் காடு அது; வெட்டி, எரித்து, விதைத்து, பின் மீண்டும் காடாக விட்டுவைக்கும் சோளக் கொல்லையும் அதனுள்தான். மக்கள் தாங்களே ஊர் ஊராக வரைபடம் வரைந்தார்கள். 1997 இல் அது 'மாயா அட்லஸ்' என்ற நூலாக வெளிவந்தது. 2004 இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அவர்கள் பக்கம் நின்றது. 2007 அக்டோபரில் பெலிஸ் தலைமை நீதிபதி அப்துலாய் கொன்டே, கொனேஹோ, சாந்தா குரூஸ் ஆகிய இரு ஊர்களின் வழக்காற்று நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தார். 2015 ஏப்ரல் 22 அன்று கரீபிய நீதிமன்றத்தின் ஆணை 38 ஊர்களுக்கும் அவ்வுரிமையை உறுதிப்படுத்தியது.

ஆகவே இத்தகைய தங்கலுக்குப் புறப்படும் மாணவர்கள், கூரை எந்த ஓலை என்று கேட்பதற்கு முன் நிலம் யாருடையது என்று கேட்பது நலம். நான் கேட்காமலேயே போனவன்.

மறுநாள் காலை உணவு முறை அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்தது. போவதற்கே தயங்கினேன். அவர் மரப்பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். துணியில் சுற்றிய ரொட்டிகள், அவரை, மிளகாய், ஒரு குவளை கொக்கோ பானம். மரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. எங்கள் வீடுகளிலும் கல்லில் அரைப்பதுண்டா என்று மட்டும் கேட்டார்.