பயந்த லவ் பேர்ட்ஸைப் பழக்குவது எப்படி?

இம்முறை பாடம் ஒரு சின்னப் பறவையைப் பற்றியது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. மாங்குளத்தில் என் அக்கா வீடும் அப்படித்தான். ஆகஸ்ட் லீவுக்கு அங்கே போன என் மகளுக்கு, அத்தை ஒரு லவ் பேர்ட்ஸ் கொடுத்தனுப்பினார். வெயிலும் புழுதியுமான ஊரில் இருந்து ஏ-9 ரோட்டில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து மப்பும் தூறலுமான நம்ம மலைக்கு, எல்லாம் ஒரே நாளில்.

"இதுக்குக் குளிருதுப்பா" என்றாள் பிள்ளை. அடுப்பங்கரையில் தொங்கவிடச் சொன்னது நான்தான். நாலாம் நாள் விடிய, கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. தீனிக் கிண்ணம் நிறைய இருந்தது. ஊதிப் பார்த்தேன், அத்தனையும் உமி. புகையா, பசியா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்குது.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொன்னாலும் இதன் சரியான பெயர் பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டங் கூட்டமாகத் திரிந்து புல்விதை தின்னும் கிளி இது. 1840-இல் ஜோன் கூல்ட் என்பவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். எடை 30, 40 கிராம்தான். பெரிய பறவைகளுக்கு இரையாகிற சாதி என்பதால், பயந்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும். நாம் அதைச் 'சாது' என்று நினைத்து, கையை உள்ளே விடுவோம். அங்கேதான் பிழை.

கூட்டை நம் கண் மட்டத்தில், ஒரு பக்கம் சுவரோடு வையுங்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே காற்றடிக்கும் இடம் வேண்டாம். இரவில் மூன்று பக்கம் துணி போட்டு, ஒரு பக்கம் திறந்து விடுங்கள். விறகுப் புகை, நுளம்புச் சுருள் இரண்டுமே ஆகாது. ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி, பறவையை நிமிஷக் கணக்கில் கொன்றுவிடும்.

பழைய வீட்டில் தின்ற தீனியையே ஒரு பை வாங்கி வாருங்கள். தினமும் உமியை ஊதிவிட்டுத் தினை போடுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். முதல் சில நாள் வேறெதற்கும் கை உள்ளே போகக் கூடாது. இஸ்தோப்பில் எட்ட உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும். பெரட்டு மாதிரி சத்தம் போட வேண்டாம்!

நீங்கள் பார்த்திருக்கும்போதே தின்னுகிறதா, இறகு கோதுகிறதா? அப்போது ஒரு தினைக் கதிரைக் கம்பி வழியே நீட்டுங்கள். அதுவாக வரட்டும். நாளாகலாம், வாரங்களும் ஆகலாம்.

பயம் வேறு, நோய் வேறு. பகல் முழுக்க இறகைச் சிலிர்த்துக்கொண்டு இருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, எச்சம் குறைந்தாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அடியில் விரித்த பேப்பரை நனைத்து எடுங்கள், தூசி நம் நெஞ்சுக்கும் கெடுதி. பிள்ளைகள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

அக்கா இன்னொரு பறவை கொடுத்தார். அது இப்போது முன்னறையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நாள் மகள் நீட்டிய கதிரில் இருந்து ஒரு மணி கொத்தியது. விரலில் ஏற இன்னும் அதற்கு மனசு வரவில்லை.