காலணாவின் கருமை அழுக்கல்ல

அன்புள்ள தங்கைக்கு,

1835ஆம் ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா ஒன்று உன் சேகரிப்பில் சேர்ந்திருக்கிறது, அது கறுத்துக் கிடப்பதால் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால், இனி எந்தச் செம்பு நாணயம் கைக்கு வந்தாலும் நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

நாணயச்சாலையிலிருந்து வெளிவரும்போது செம்பு நாணயம் செக்கச்செவேலென்று மின்னும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் செம்பின் மேற்பரப்பு மெல்ல மெல்லச் செம்பு ஆக்சைடாக மாறும். சிவப்பு மங்கிப் பழுப்பாவது இதனால்தான். காற்றில் கந்தகச் சேர்மங்கள் இருந்தால் செம்பு சல்ஃபைடு உண்டாகிக் கருமை கூடும். ஈரமும் கரியமில வாயுவும் நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்தால் பச்சை நிறக் கார்பனேட் படியும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. இந்த நிறங்கள் அப்படி வந்தவை அல்ல. நாணயத்தின் செம்பேதான் உருமாறி இந்தப் படலமாகியிருக்கிறது. ஆகவே நிறத்தைச் சுரண்டினால் நாணயத்தையே சுரண்டுகிறோம். அதோடு, இந்தப் படலம் தடிக்கத் தடிக்க ஆக்சிஜன் உள்ளே புகுவது குறைகிறது, மாற்றமும் மந்தமாகிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையே இதற்குச் சான்று. 1886இல் திறக்கப்பட்டபோது செம்பு நிறத்தில் இருந்த அந்தச் சிலை, பழுப்பாகிப் பிறகு பச்சையானது. 1980களில் பெரிய அளவில் சீரமைத்தபோதும் வெளிப்புறப் பச்சையை அகற்றவில்லை. உள்ளேயிருக்கும் மெல்லிய செம்புத் தகட்டைக் காப்பதே அந்தப் பச்சைதான்.

“வீட்டில் செம்புச் சொம்பைப் புளி போட்டுத்தானே துலக்குகிறோம், அது என்ன கெட்டா போய்விட்டது?” என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கே செம்பின் களிம்பை உவமை சொல்வார்கள். களிம்பு என்றால் போக்க வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. சொம்புக்கு அது சரி. களிம்பு உணவில் கலக்கக் கூடாது, துலக்கும்போது மயிரிழையளவு செம்பு போனாலும் சொம்பு தண்ணீர் பிடிக்கும். நாணயத்தின் மதிப்போ முழுவதும் மேற்பரப்பில் இருக்கிறது. அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச் செல்கிறது. புழங்காத நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அந்தக் கோடுகளால்தான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும்போது, ஆக்சைடாக மாறிப்போன அந்தக் கோடுகளும் சேர்ந்தே கரைகின்றன.

ஒரு லென்ஸை எடுத்து உன் காலணாவைப் பார். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் அதைத் தாங்கும் சிங்கங்களும், மறுபக்கம் இலை வளையத்துக்குள் நாணயத்தின் மதிப்பும் இருக்கும். இயல்பாக நிறம் மாறிய நாணயத்தில் கை பட்டுத் தேய்ந்த மேடுகள் ஒரு சாயலிலும், சமதளம் சற்று அடர்ந்த சாயலிலும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிறம் படிப்படியாக மாறும். அதிகம் புழங்காத நாணயமானால், எழுத்துகளின் இடுக்கில் பழைய சிவப்பு கொஞ்சம் ஒளிந்திருக்கும். தேய்த்த நாணயத்தில் இது தலைகீழ். பரப்பு முழுவதும் ஒரே வெளிறிய ஆரஞ்சு நிறம், எழுத்துகளின் அடியில் மட்டும் துலக்கத் தப்பிய கறுப்பு, குறுக்கே இணைகோடுகளாகக் கீறல்கள்.

“சிவப்பு நாணயத்துக்குத்தானே விலை அதிகம்?” என்பது அடுத்த வாதம். உண்மைதான். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் செம்பு நாணயங்களைச் சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. அதே நிலையிலுள்ள சிவப்புக்கே விலை கூடுதல். ஆனால் அந்த விலை நாணயச்சாலையில் பிறந்த சிவப்புக்கு மட்டும்தான். தேய்த்துக் கொண்டுவந்த சிவப்பை அவர்கள் கண்டுகொண்டால், சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்துவிடுவார்கள், முழுத் தரமதிப்பெண் தரமாட்டார்கள். நேர்த்தியான பழுப்பு நாணயம் இதைவிட எவ்வளவோ மேல்.

அப்படியானால் எந்தப் பச்சையையும் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. கெட்டியாக, வழவழப்பாக, பல ஆண்டுகளாக ஒரே அளவில் நிற்கும் பச்சையால் தீங்கில்லை. வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் சில நாளில் திரும்ப வந்தால் அது ‘வெண்கல நோய்’. மண்ணின் உப்பு, கடற்காற்று, கை வியர்வை ஆகியவற்றிலிருந்து வரும் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டதும் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் செம்பை அரிக்கும். தானாக நிற்காத சுழற்சி இது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியதற்கு, அங்கிருந்த செப்புத் திருமேனிகளைத் தாக்கிய இந்த நோயே முக்கியக் காரணம். அத்தகைய நாணயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிகா ஜெல்லோடு உலர்வாக மூடி வை. மருத்துவத்தை இத்துறையில் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடு. பிவிசி உறையில் வைத்ததால் பிசுபிசுப்பான பச்சை படிந்திருந்தால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாமல், தூய அசிட்டோனில் முக்கி எடுக்கலாம். அது பிசினைக் கரைக்கும், செம்பைத் தொடாது. அப்போதும் தேய்க்கக் கூடாது. வாசனையும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது.

ஆகவே நிறம் அழகா என்று கேட்காதே, நிலையாக நிற்கிறதா என்று கேள். நின்றால் விட்டுவிடு. பரவினால் மட்டும் தலையிடு. விளிம்பைப் பிடித்தே நாணயத்தைத் தூக்கு, பிவிசி கலக்காத உறையில் போட்டு ஈரம் படாமல் வை. பழுப்பை இன்னும் நூறு ஆண்டு காத்துவைக்க முடியும். புளியில் கரைந்துபோன மேற்பரப்பை யாராலும் திருப்பித் தர முடியாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்