குவாலியர்த் தோட்டமும் குழந்தையின் கணக்கும்

"முந்நூற்று நாற்பத்தைந்து, எழுது பார்ப்போம்" என்றேன். அச்சிறுமி சிறிதும் தயங்கவில்லை. 300405 என்று எழுதி ஏட்டை என் பக்கம் திருப்பினாள்.

விடுதிச் சமையற்கூடத்தில் பணியாற்றும் தமிழர் ஒருவருடைய மகள் அவள். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி, படிப்பது மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அவள் எழுதியதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அன்று மாலை முழுவதும் அதை மீண்டும் தொடவே இல்லை. அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாக எழுதப்படுவதே இக்கட்டுரை.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அவள் செய்த குற்றந்தான் என்ன? முந்நூறு என்பது காதில் விழுந்தது; 300 என எழுதினாள். நாற்பது என்றேன், 40 சேர்த்தாள். ஐந்து என்றேன், 5 சேர்த்தாள். கேட்டதைக் கேட்டபடியே எழுதினாள். நம் முன்னோர் எழுதியதும் ஏறக்குறைய இவ்வாறுதான்! பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று நாற்பத்தைந்து என்பது ௩௱௪௰௫ ஆகும். மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என்று வாய் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதியது. அம்முறையில் பூச்சியத்திற்கு வேலையே இல்லை.

ஆகவே அச்சிறுமி அறிவின்றி எழுதவில்லை. ஒரு பழைய நெறியைத் தன்னை அறியாமலே புதிய இலக்கங்களில் எழுதிவிட்டாள். அவளுக்கு வேண்டியது கண்டிப்பு அன்று. 'நூறு' என்பதைத் தனியே எழுத வேண்டுவதில்லை, இலக்கம் நிற்கும் இடமே அதைச் சொல்லிவிடும் என்ற ஒரே செய்திதான். இடமதிப்பு, எண்களை ஒப்பிடுதல், முழுமையாக்கல் என்று பாடநூல்கள் மூன்றாகப் பிரித்து வைக்கும் பாடங்கள் அனைத்தும் இந்த ஒரு செய்தியின் கிளைகளே.

கல்லில் ஒரு பூச்சியம்

ஆக்ராவுக்குத் தெற்கே குவாலியர் இருக்கிறது. அங்கே கோட்டைக்கு ஏறும் வழியில் பாறையைக் குடைந்து அமைத்த சதுர்புஜக் கோயில் ஒன்று உண்டு. கி. பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அதில் காணப்படுகிறது. கோயிலுக்கு விட்ட ஒரு பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், அகலம் 187 முழம் என்றும், நாள்தோறும் 50 மாலைகள் தரப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. 270-இலும் 50-இலும் சிறு வட்டமாகப் பூச்சியம் செதுக்கப்பட்டுள்ளது. இடமதிப்பு முறையில் பூச்சியம் நிற்கும் பழைய இந்தியக் கல்வெட்டுகளுள் இது பெரும்புகழ் பெற்றது.

அடுத்த ஞாயிறன்று இந்தத் தோட்டத்தையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் அகலம். ஒரு முழத்திற்கு ஒரு தீக்குச்சி என 187 தீக்குச்சிகளை அவள் முன் கொட்டி, "பத்துப் பத்தாகக் கட்டு, பத்துக் கட்டுச் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டாக்கு" என்றேன். ஒரு பெரிய கட்டு, எட்டுச் சிறு கட்டு, ஏழு உதிரி என்று வந்தது. 1, 8, 7 என எழுதினாள். நூறும் எண்பதும் தனித்தனியே எழுதப்படவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவளே சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நீளம். மேலும் 83 குச்சிகளைச் சேர்த்தோம். இரண்டு பெரிய கட்டு, ஏழு சிறு கட்டு. உதிரி ஒன்றுமில்லை. 27 என்று எழுதினாள்.

"27 என்றால் எத்தனை கட்டு, எத்தனை உதிரி?"

"ரெண்டு சின்னக் கட்டு, ஏழு உதிரி... ஐயோ, இது அது இல்லை அண்ணா!" என்றவள், உதிரியின் இடத்தில் தானாகவே ஒரு வட்டம் போட்டாள். பூச்சியம் 'ஒன்றுமில்லை' என்பதற்கு மட்டும் அடையாளம் அன்று. பிற இலக்கங்கள் தத்தம் இடத்தைவிட்டு நழுவாமல் காக்கும் காவலாளி அது. குவாலியர்ச் சிற்பி கல்லில் செதுக்கியதை அவள் காகிதத்தில் தானே கண்டுகொண்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் எடுத்த எடுப்பிலேயே ரூபாய் நோட்டுகளைக் கொண்டு இடமதிப்பைக் கற்பிப்பர். நூறு ரூபாய் நோட்டைப் பிரித்தால் உள்ளே பத்து நோட்டுகள் இரா. அதன் மதிப்பு நம்பிக்கையால் வருவது. கட்டை அவிழ்த்தாலோ பத்தும் கண்முன் வந்து விழும். ஆதலின் கட்டு முதலில், நோட்டு அடுத்து, வெறும் இலக்கம் இறுதியில்.

எண்ணின் பெயரும் குழந்தைக்குத் துணை செய்வதுண்டு, இடறச் செய்வதுமுண்டு. இந்தியில் 39 என்பது 'உன்தாலீஸ்', அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைவு. 79 'உன்னாசி', எண்பதுக்கு ஒன்று குறைவு. ஆனால் 89 'நவாசி', அதில் ஒன்பதே முன்வந்து நிற்கிறது. தமிழில் முப்பத்தொன்பது என்றால் முப்பதும் ஒன்பதும் வெளிப்படை. எனினும் நாம் இறுமாந்துவிட வேண்டா. நம் தொண்ணூற்றில் 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. தமிழ்க் குழந்தை இடறக்கூடிய இடங்கள் இவை. அங்கே கையைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

எது பெரியது?

குச்சிகளை மறைத்துவிட்டு, "270 பெரியதா, 187 பெரியதா?" என்று கேட்டேன். "187. அதில் எட்டு இருக்கிறதே!" என்றாள். மீண்டும் ஒரு பிழை. மீண்டும் அதற்கொரு காரணம். இலக்கத்தைப் பார்த்தாள், இடத்தைப் பார்க்கவில்லை. "பெரிய கட்டு எதில் அதிகம்?" என்ற ஒரு கேள்வி போதுமாயிற்று. மிகப் பெரிய இடத்தில் தொடங்கு; அங்கே வேறுபட்டால் வழக்கு முடிந்தது; அங்கே ஒத்திருந்தால் அடுத்த இடத்திற்கு வா. ஒப்பிடுதல் முழுவதும் இவ்வளவே.

'இலக்கங்கள் மிகுந்த எண்ணே பெரியது' என்ற குறுக்கு விதியை மட்டும் கொடுத்து நிறுத்துவது தீங்கு. முழு எண்களுக்கு அது பொருந்தும். பின்னாளில் தசமம் வரும்போது 3.5-ஐவிட 3.45 பெரியது என்று அதே குழந்தை துணிந்து சொல்லும். பெரிய இடத்திலிருந்து தொடங்கு என்ற காரணத்தைக் கற்றவளோ, பத்தில் ஐந்து பங்கு பத்தில் நான்கு பங்கைவிடப் பெரிது என்று கண்டுகொள்வாள்.

ஏறத்தாழ எவ்வளவு?

முழுமையாக்கலை 'ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்று கூட்டு' என்று மந்திரம்போல் ஓதுவிப்பது வழக்கம். நான் ஒரு கோடு வரைந்து, ஒரு முனையில் 180, மறு முனையில் 190 என்று குறித்தேன். 187 எதற்கு அருகில்? 190 என்றாள். அருகிலுள்ள நூறு எது? 200. அவ்வளவுதான். 185 இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதை மேலே தள்ளுவது நாம் செய்துகொண்ட உடன்பாடு என்று குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்.

இரு முறை முழுமையாக்கும் பிழையைத் தவிர்க்க வேண்டும். 247-ஐ முதலில் 250 ஆக்கி, அதைப் பின் 300 ஆக்குவார் உண்டு. கோட்டைப் பார்த்தால் 247 இருநூற்றுக்கே அருகில் இருப்பது தெரியும்.

270-இல் உள்ள பூச்சியம், 'எண்ணினேன், உதிரி இல்லை' என்கிறது. 187-ஐ முழுமையாக்கிப் பெற்ற 190-இல் உள்ள பூச்சியமோ, 'உதிரியை இங்கே கணக்கில் கொள்ளவில்லை' என்கிறது. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 1856-இல் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. கணக்கில் சரியாக 29,000 வந்ததாகவும், உலகம் அதைத் தோராயம் என்று எண்ணிவிடுமே என அஞ்சி இரண்டடி சேர்த்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதன் அச்சம் மெய்யானது.

எதை முழுமையாக்கலாகாது என்பதும் பாடமே. சென்னையிலிருந்து புதுதில்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் என்பது நல்ல விடை. ஆனால் நம்மை இங்கே கொண்டுவரும் தமிழ்நாடு விரைவு வண்டியின் எண் 12621. ஊருக்கு அழைத்துச் செல்வது 12622. இவற்றை 12,600 என்று முழுமையாக்கினால் வீடு போய்ச் சேர முடியாது! ஒன்று மற்றதைவிடப் பெரிய வண்டியும் அன்று. அளவைக் குறிக்கும் எண் வேறு. பெயராக நிற்கும் எண் வேறு.

தோழர்களே, 2021-இல் இந்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் 9999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வல்லதாக வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. அதற்குப் பெருங்கருவிகள் வேண்டா. தீக்குச்சியும் ரப்பர் வளையமும் ஒரு மணி நேரமும் போதும். நம்முள் எத்தனையோ பேர் மாலை வேளைகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். குழந்தை பிழையாக எழுதினால் உடனே திருத்த வேண்டா, சிரிக்கவே வேண்டா. "எப்படி எழுதினாய், சொல்" என்று கேளுங்கள். பிழைக்குள் இருக்கும் காரணத்தை அதுவே எடுத்துக் காட்டும்.

சென்ற வாரம் அச்சிறுமியிடம், "தொள்ளாயிரத்து ஐந்து" என்றேன். பென்சிலை எடுத்தவள் சற்றே நிறுத்தி, விரலால் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, 905 என்று எழுதினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இம்முறை முதலில் சிரித்தவள் அவளே.