உயரம் கூட்டிய ஜீப்பின் முன்புறக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

மலைச்சாரல் தோட்டங்களிலும், நல்ல பாதை அமையாத கிராமங்களிலும், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கமுள்ள ஜீப் வண்டி உழவருக்குப் பேருதவி புரிகின்றது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1945-ஆம் வருஷத்தில் யுத்த ஜீப்பைப் பொதுஜன உபயோகத்திற்கு மாற்றி வெளியிட்டபோது, அதனை விவசாயத்திற்கு ஏற்ற வண்டியென்றே விளம்பரம் செய்தனர். போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வனவும் பெரும்பாலும் ஜீப்புகளே.

கல்லும் மேடும் அடியில் தட்டாதிருத்தற் பொருட்டுச் சிலர் நீண்ட ஷாக்கிள்களையும் அதிகப்படியான வில் பட்டைகளையும் பூட்டி வண்டியின் உயரத்தைக் கூட்டுகின்றனர். அதன்பின் ஸ்டீரிங் ஆடுகிறது, தளம் அதிர்கிறது என்னும் முறையீடுகள் எழுகின்றன. காரணத்தை ஆராயாது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது பணத்திற்குக் கேடு. கோளாறுடன் மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிச் செல்வதோ உயிருக்கே கேடு. ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலிற் செய்து, படிப்படியாகக் காரணத்தை அறிதல் வேண்டும்.

உயரத்தால் விளையும் மாறுதல்

முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னின் மேல்நுனி சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதனை ஒத்ததே. இச்சாய்வைக் கேஸ்டர் என்பர். பழைய வில்லிஸ் ஜீப்பில் இதன் அளவு 3 டிகிரி. சக்கரம் தானே நேர்வழிக்குத் திரும்புவது இதனாலேயே. வில் பட்டையின் முன்நுனியில் ஷாக்கிள் அமைந்த வண்டியில் நீண்ட ஷாக்கிளைப் பூட்டினால், இருசு முன்னோக்கிச் சுழன்று கேஸ்டர் குறைகின்றது. டிராக் லிங்க் என்னும் கம்பியின் சரிவும் அதிகமாகின்றது. அதனால் பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் ஒருபுறம் இழுக்கும்.

முதற் சோதனை: ஆட்டமா, அதிர்வா?

பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டீரிங் சக்கரம் கட்டுக்கடங்காமல் திடீரென இருபுறமும் ஆடி, வேகத்தைக் குறைத்தால் நிற்குமாயின், கோளாறு பெரும்பாலும் ஸ்டீரிங் இணைப்புகளிலோ, கிங் பின்னிலோ, டயரிலோ, கேஸ்டரிலோ இருக்கும். வேகத்துடன் சிறிது சிறிதாக ஏறித் தளத்தில் உணரப்படும் அதிர்வாயின், இயக்கத் தண்டை ஐயுற வேண்டும். இதனை உறுதிசெய்ய, சக்கரக் குடத்தில் பூட்டும் ஹப் இருந்தால் அதைத் திறந்துவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் அதே வேகத்தில் ஓட்டுக. ஹப் இல்லாத வண்டியில் முன் தண்டைக் கழற்றிவிட்டு ஓட்டுக. அதிர்வு மறைந்தால் குற்றம் முன் தண்டினுடையது. மறையாவிடின் பின் தண்டையும் டயர்களையும் பார்த்தல் வேண்டும்.

ஆட்டத்தின் காரணம்

1. டயர்களின் காற்றும் அளவும் சமமாயுள்ளனவா என்றும், வில் பட்டைகளை இருசோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் இறுகியுள்ளனவா என்றும் பார்க்கவும்.

2. சக்கரங்கள் தரையிலிருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழிருந்து ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டறிக. ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் பிந்தி அசையும் இணைப்பே தேய்ந்தது.

3. பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துக. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றால் சக்கர பேரிங். நில்லாவிடின் கிங் பின் பேரிங் தேய்ந்ததென்க.

4. முன்சக்கரங்களின் இடைவெளியை இருசு மட்டத்தில் முன்னும் பின்னும் அளக்க. பழைய வில்லிஸில் முன் இடைவெளி சுமார் 1/16 அங்குலம் குறைவாக இருத்தல் முறை.

இவற்றிற் குற்றமில்லையாயின் கேஸ்டரை அளந்து பார்க்கவும். ஸ்டீரிங் டாம்பர் பூட்டினால் ஆட்டம் மறையலாம். ஆனால் காரணம் அகலாது.

அதிர்வின் காரணம்

தண்டின் இரு முனையிலுள்ள கிராஸ் இணைப்புகளைக் கையால் முறுக்கிப் பார்க்க. செந்துருத் தூளோ, கிறீச்சென்ற ஓசையோ, இடைவெளியோ இருந்தால் மாற்றுக. இரு நுனிகளிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள தண்டில், இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். தண்டைப் பிரிக்குமுன் அடையாளம் இடாதவர் தவறாகப் பூட்டி, தாமே அதிர்வை உண்டாக்குவர். இரு முனைக் கோணங்களும் சமமாயிருத்தலும் அவசியம். சக்கரங்கள் தொங்கும் நிலையில், தண்டின் நழுவுபாகம் போதிய அளவு உள்ளே பொருந்தியுள்ளதா, பிரேக் ரப்பர்க் குழாய் விறைத்து இழுபடுகின்றதா என்றும் நோக்குக.

நான்கு சக்கர இயக்கத்தில் முழுதும் திருப்பும்போது மட்டும் சக்கரப் பக்கம் டக், டக்கென ஒலித்தால், அது இருசின் வெளியிணைப்புத் தேய்ந்ததன் அறிகுறி. தார்ச்சாலையில் திருப்பும்போது வண்டி பிடித்திழுப்பது கோளாறன்று; வழுக்காத தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியதன் விளைவே அது.

பரிகாரத்தில் ஓர் எச்சரிக்கை

கேஸ்டரைக் கூட்ட வில் பட்டைக்கும் இருசுக்கும் இடையே ஆப்பு வைப்பர். முன் இருசில் இதனாற் பினியனின் மூக்குத் தாழ்ந்து, தண்டின் கோணம் கெடக்கூடும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடுமாயின், உயரம் அளவுக்கு மிஞ்சியதென்று கொண்டு அதனைக் குறைப்பதே தக்க பரிகாரம்.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வற்புறுத்தியுள்ளது. ஆதலின் உயரம் கூட்ட எண்ணுவோர், வேலைக்கு முன்னரே பதிவு அதிகாரியிடம் விசாரித்துக் கொள்வது நலம்.